ஜெனரல் வராத செவ்வாய்க்கிழமை

ஆகஸ்ட் 2, வெள்ளி

வேலை கிடைத்துவிட்டது. ஒருவருடைய இறுதிச் சடங்குக்குப் புத்தகம் எழுதும் வேலை. அவர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார். இன்று எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்ததே அவர்தான்.

பாங்காக்கில் பெரிய மனிதர்கள் இறந்தால், தகனத்துக்கு வருகிறவர்கள் கையில் ஒரு புத்தகம் கொடுத்து அனுப்புவார்களாம், நம் ஊர்க் கல்யாணத்தில் தாம்பூலப் பை கொடுக்கிற மாதிரி. இறந்தவரின் வாழ்க்கை, படங்கள், பதக்கங்கள் எல்லாம் அதில் இருக்கும். ஜெனரல் சங்வானுக்கு எண்பத்தெட்டு வயது. 28ஆம் தேதி இதய வால்வு ஆபரேஷன். அதற்குள் தன் புத்தகத்தைத் தானே பிழை பார்த்து அச்சுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறார்.

"நான் செத்த பிறகு விட்டா என் மச்சினன் எழுதுவான். அவனுக்கு எந்தத் தேதியும் சரியா வராது" என்றார்.

தாய்லாந்து மொழிப் பகுதியை ஒரு பழைய குமாஸ்தா பார்த்துக்கொள்கிறார். மெல்போர்னில் இருக்கும் பேரப்பிள்ளைகளுக்காக ஆங்கிலப் பகுதி என் பொறுப்பு. எங்கள் அபார்ட்மென்ட் சொந்தக்காரி ஜெனரல் மனைவிக்கு உறவு. "எம்.ஏ. இங்கிலீஷ், வீட்டில் சும்மா இருக்கிறாள்" என்று சொல்லியிருக்கிறாள். ஏழு மாதக் குழந்தையோடு சும்மா.

என் ஊரைக் கேட்டார். மேட்டுப்பாளையம் என்றேன். கிழவர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். இளம் அதிகாரியாக இருந்தபோது குன்னூருக்குப் பக்கத்தில் வெலிங்டனில் ஒரு வருடம் படித்தாராம். சமையல்காரர் பெள்ளியிடம் தமிழ் கற்றாராம். மிச்சமிருப்பது மூன்று சொல்: சீக்கிரம், போதும், தம்பி. மூன்றாவதை ஆண் பெண் பார்க்காமல் எல்லாருக்கும் போடுகிறார். நானும் தம்பி. வீட்டில் விட்டு வந்த என் மகள் இதழினியும் தம்பி.

ஆகஸ்ட் 5, திங்கள்

குழந்தையையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். நாங்கள் இருக்கும் ஓன் நூட்டிலிருந்து ஜெனரல் வீடு இருக்கும் அரி வரை ரயிலில் மார்பில் கட்டிக்கொண்டு போனேன். வீட்டில் குளிப்பாட்டி, பவுடர் போட்டு, கன்னத்தில் பெரிதாகத் திருஷ்டிப் பொட்டு வைத்து, என் கண்ணே பட்டுவிடும்போல் இருந்தாள்.

ஜெனரல் பார்த்தார். அவருடைய மனைவி மாலீயும் பார்த்தார். எண்பத்திரண்டு வயது, மெலிந்த உருவம், முதுகு ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருக்கிறது.

"என்ன அசிங்கமான குழந்தை!" என்றார் ஜெனரல்.

"ரொம்ப அசிங்கம்" என்றார் மாலீ, சிரித்துக்கொண்டே.

நானும் சிரித்தேன். ஸ்டேஷனுக்கு வந்து அழுதேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

என் வீட்டுக்காரர் பூபதியிடம் சொன்னேன். "யாரு, நம்ம பாப்பாவையா? அந்தாளு கண்ணுக்கு முதல்ல ஆபரேஷன் பண்ணோணும் அம்மிணி" என்றார்.

ஆகஸ்ட் 7, புதன்

வீட்டில் உட்கார்ந்து முதல் இரண்டு அத்தியாயங்களை டைப் அடித்தேன். வேலை நன்றாக ஓடியது. இதழினி நெற்றியில் கொசு கடித்திருக்கிறது. கொஞ்சம் வீக்கம்.

கொசு கடித்தால் குழந்தையை எத்தனை மணி நேரம் தூங்காமல் கவனிக்க வேண்டும் என்று போனில் தேடினேன். வாந்தி எதுவும் இல்லை. பால் குடித்தாள். விளக்கை அணைத்து அணைத்துப் போட்டேன், கண்மணி சுருங்குகிறது. நன்றாகத்தான் சுருங்குகிறது.

பூபதி வந்ததும் கேட்டார்: "என்ன அம்மிணி நெத்தியில?"

"கொசுவுங்க."

"பதினாலாவது மாடிக்கு ஏறி வந்திருக்குதே, கெட்டிக்காரக் கொசு."

ஆகஸ்ட் 8, வியாழன்

எங்கள் கட்டிலின் உயரம் நாற்பத்தெட்டு சென்டிமீட்டர். சும்மா அளந்து பார்த்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஜெனரலின் வீரதீரங்கள் ஒரு தினுசாக இருக்கின்றன. முதல் ஆட்சிக் கவிழ்ப்பில் அவர் லெப்டினன்ட். வானொலி நிலையத்தைப் பிடிக்கப் போயிருக்கிறார். காவலாளி சாவியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறான். இவர் அவன் வீட்டுக்குப் போய், அவன் மனைவி போட்ட சோற்றைச் சாப்பிட்டு, சாவியை வாங்கி வந்து நிலையத்தைப் பிடித்தாராம். இரண்டாவது கவிழ்ப்பில் அமைச்சகத்தைக் கைப்பற்றப் போனபோது ஏற்கெனவே வேறொரு படை அதைப் பிடித்து வைத்திருந்ததாம். இவர் வரிசையில் நின்றாராம்.

"இதையெல்லாம் போடலாமா சார்?"

"போடு. பேரனுங்க சிரிக்கட்டும்."

பிறகு மூன்று முறை அமைச்சர், பத்தொன்பது நாள் இடைக்காலப் பிரதமர். "அதில் ஏழு நாள் அரசாங்க விடுமுறை" என்றார்.

ஆனால் ஏழாம் அத்தியாயம் காலி. அந்தக் கதை ஊருக்கெல்லாம் தெரியும், எங்கள் அபார்ட்மென்ட்காரிகூடச் சொன்னாள். ஐம்பத்திரண்டு வருடங்களுக்கு முன்னால், ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமை, மூன்றாவது கவிழ்ப்பு. காலை ஆறு பத்தொன்பதுக்கு ஜோசியர் நேரம் குறித்துக் கொடுத்திருந்தார். பதினேழு டாங்கிகள் எஞ்சினைப் போட்டுக்கொண்டு நின்றன. அவற்றை நடத்த வேண்டிய கர்னல் சங்வான் வரவில்லை. கவிழ்ப்பு கவிழ்ந்தது. அதில் கூட இருந்த அவருடைய உயிர் நண்பர் எட்டு வருடம் வெளிநாட்டில் ஒளிந்து கிடந்தார். அரசாங்கமோ சங்வானை அரசியல் சட்டத்தின் காவலன் என்று கொண்டாடியது. பதவிகள் எல்லாம் அதற்குப் பிறகு வந்தவைதான்.

"ஏன் சார் போகல?"

"போதும் தம்பி" என்று தமிழில் சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அவருடைய சட்டைக்குப் பொத்தானே இல்லை, ஜிப்தான். மாலீ அம்மாவின் சட்டைகளுக்கு நாடா. தலையணை உறைகளுக்கும் நாடா. ராணுவ வீட்டு ஒழுங்குபோல.

மாலீ அம்மாவுக்குப் புத்தகத்தில் பாதி சமையல் குறிப்பாக இருக்க வேண்டுமாம். "வாழ்க்கை வரலாற்றை ஒரு தடவை புரட்டிட்டு அலமாரிக்கு மேலே போட்டுடுவாங்க. மீன் குழம்பு இருந்தா அடுப்படியிலே வெச்சுப்பாங்க. அப்பத்தான் இவர் பேரு நிலைக்கும்" என்கிறார். எனக்கு மறுத்துப் பேசத் தோன்றவில்லை.

கொசுக்கடி நீலமாக மாறியிருக்கிறது.

ஆகஸ்ட் 12, திங்கள்

இங்கே இன்று அன்னையர் தினம். தெரு முழுக்க மல்லிகை. மாலீ அம்மாவுக்கு ஒரு சரம் வாங்கிக்கொண்டு போனேன். இரண்டு கையாலும் வாங்கி, மோந்து பார்த்து, திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இது நல்ல அம்மாங்களுக்கு. நீ போட்டுக்க."

நானும் போட்டுக்கொள்ளவில்லை. ஃபிரிட்ஜ் கதவில் தொங்குகிறது.

ஆகஸ்ட் 14, புதன்

இன்று இரண்டு விஷயம்.

ஜெனரல் வழக்கம்போல "அசிங்கம் வந்தாச்சா?" என்று ஆரம்பித்தார். என்னால் பொறுக்க முடியவில்லை. "சார், எங்க ஊர்ல குழந்தையை யாரும் இப்படிப் பேச மாட்டாங்க" என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேரும் திகைத்துப் போனார்கள். மாலீ அம்மாதான் விளக்கினார். அழகான குழந்தை என்று வாய்விட்டுச் சொன்னால் ஆவிகளின் காதில் விழுந்து தூக்கிக்கொண்டு போய்விடுமாம். அதனால் அழகான குழந்தையைத்தான் அசிங்கம் என்பார்களாம். பட்டப்பெயர்கூட அதற்குத்தானாம். மெல்போர்னில் பல் டாக்டராக இருக்கும் அவர்கள் மகளின் பட்டப்பெயர் பன்றி. ஜெனரலுடையது தவளை. பத்தொன்பது நாள் இந்த நாட்டை ஆண்டவர் தவளை!

"சுமாரா இருக்கிற குழந்தையை அழகுன்னு சொல்லிடுவோம், அதுக்கு ஆபத்தில்லை" என்றார் ஜெனரல்.

குழந்தையின் கன்னத்தில் மையை அப்பிக்கொண்டு வந்து நின்ற எனக்கு இது விளங்க ஒன்பது நாள் ஆகியிருக்கிறது.

இரண்டாவது. ஜெனரல் மாத்திரை போட உள்ளே போனதும் மாலீ அம்மா இதழினியை மடியில் வாங்கினார். அந்த நீலத்தின் மேல் விரலை வைத்தார்.

"எவ்வளவு உயரம்?"

"நாற்பத்தெட்டு" என்றேன். யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

அவர் தலையை ஆட்டினார், திட்டவில்லை. கணக்கு டீச்சராக இருந்தவர் என்பதாலோ என்னவோ, எண்ணைக் குறித்துக்கொண்ட மாதிரி இருந்தது. பிறகு தன்னுடையதைச் சொன்னார்.

அந்தச் செவ்வாய்க்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, கணவரின் ராணுவச் சட்டையில் பித்தளைப் பொத்தான் ஒன்று தொங்கிக்கொண்டிருந்ததாம். தைப்பதற்காக அறுத்துப் பாயில் வைத்துவிட்டு, நூல் எடுக்கப் போயிருக்கிறார். திரும்பி வந்தால் பொத்தானைக் காணோம். பன்றிக்கு அப்போது எட்டு மாதம். விழுங்கிவிட்டாள். ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தானாக வெளியே வரும், ஒவ்வொரு துணியாகப் பார்த்துக்கொண்டிருங்கள், வராவிட்டால் அறுக்க வேண்டும் என்றார்களாம். செவ்வாய் காலை பத்தரைக்குத்தான் வந்தது. அதுவரை கர்னல் நகரவில்லை.

"டாங்கியெல்லாம் நின்னுக்கிட்டிருந்தது. இவர் குழந்தை துணியைப் பிரிச்சுப் பார்த்துக்கிட்டிருந்தார். என்னாலதான். அவர் நண்பர் நாட்டைவிட்டு ஓடினதும் என்னாலதான். ஒரு பொத்தானைப் பத்திரமா வைக்கத் தெரியாதவ நாற்பது பிள்ளைகளை எப்படிப் பார்ப்பேன்? அந்த வருஷமே பள்ளிக்கூட வேலையை விட்டுட்டேன்."

"சார் உங்களைத் திட்டினாரா?"

"ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்னைக்கு வரைக்கும் நாங்க அதைப் பேசினதே இல்லை."

ஆகஸ்ட் 16, வெள்ளி

ஏழாம் அத்தியாயத்தை எழுதிவிட்டேன்! இரண்டு நாளில் பதினோரு பக்கம். தேசமா மகளா என்று வந்தபோது மகளைத் தேர்ந்தெடுத்த தகப்பன். பூபதிக்கு வாசித்துக் காட்டினேன்.

"கிழவனார்கிட்டக் கேட்டுட்டுத்தான எழுதின?"

"படிச்சா சந்தோஷப்படுவாருங்க."

"அப்ப கேக்கல."

மெத்தையைக் கட்டிலிலிருந்து இறக்கித் தரையில் போட்டிருக்கிறேன். முதுகுக்கு நல்லது என்று பூபதியிடம் சொன்னேன்.

ஆகஸ்ட் 19, திங்கள்

சந்தோஷப்படவில்லை.

மூக்குக்கண்ணாடியை ஏற்றி, பதினோரு பக்கத்தையும் படித்தார். முகம் வெளுத்துவிட்டது. ஆபரேஷனுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது நானே கொன்றுவிட்டேனோ என்று பயந்துபோனேன்.

"இதை யார் சொன்னது?"

"மாலீ அம்மா."

"அவளால்தான்னு அவ சொன்னாளா? அதே வார்த்தையிலயா?"

"ஆமாம் சார். அதனாலதான் வேலையை விட்டாங்களாம். உங்க வீட்ல பொத்தான்..."

அவர் தன் சட்டையின் ஜிப்பைக் குனிந்து பார்த்தார். ஐம்பத்திரண்டு வருடத்தில் இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிற மாதிரி.

"ஜிப் சௌகரியம்னு சொன்னா. நான் நம்பினேன்" என்றார். பிறகு, "இன்னைக்குப் போ தம்பி."

ஆகஸ்ட் 20, செவ்வாய்

அழைப்பு இல்லை. வேலை போய்விட்டது என்று நினைக்கிறேன். சாதம் குழைந்துவிட்டது.

ஆகஸ்ட் 21, புதன்

அழைத்தார். மாலீ அம்மா சந்தைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து வரச் சொன்னார். என் பதினோரு பக்கத்தையும் கிழித்துப் போட்டிருந்தார்.

"எழுது. நான் சொல்றது மாதிரியே, அழகுபடுத்தாம."

எழுதினேன். இங்கே சுருக்கமாகக் குறிக்கிறேன்.

பொத்தான் பத்தரைக்கு வரவில்லை, ஐந்து மணிக்கே வந்துவிட்டது. மாலீ அப்போது பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தார். கர்னல் அதைக் குழாயில் கழுவினார். படை முகாம் இருபது நிமிட தூரம். ஆறு பத்தொன்பதுக்கு நிறைய நேரம் இருந்தது. பொத்தானைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் சார்?"

"பயம்" என்றார். "சட்டம் கிட்டம் ஒண்ணும் இல்லை. முதல் இரண்டு தடவை எனக்குக் கல்யாணம் ஆகலை. அன்னைக்குக் குழந்தை துணியைக் கையில வெச்சுக்கிட்டிருந்தேன், சுடற சத்தம் காதில கேட்ட மாதிரி இருந்தது. கால் எழும்பல. மாலீ முழிச்சுக் கேட்டா, வந்துச்சான்னு. இன்னும் இல்லைன்னேன். ரேடியோவில எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு சொல்ற வரைக்கும் இன்னும் இல்லை, இன்னும் இல்லைன்னே சொன்னேன்."

நான் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டேன்.

"அப்புறம் ஏன் சொல்லல?"

"எல்லாரும் என்னைக் காவலன்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. அவ அதைப் பத்திப் பேசல, மறந்துட்டான்னு நினைச்சேன். அவ தன் தலையில போட்டுக்கிட்டது எனக்குத் தெரியாது தம்பி. திங்கட்கிழமை உன் காகிதத்தைப் பார்த்துத்தான் தெரிஞ்சுது."

வெள்ளிக்கிழமை மாலீ அம்மா முன்னால் இதை நான்தான் வாசிக்க வேண்டுமாம். எண்ணூறு சிப்பாய்கள் முன்னால் பேசியிருக்கிறாராம், மனைவி முன்னால் முடியாதாம்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

வாசித்தேன். இதழினி என் மடியில் காகிதத்தின் ஓரத்தைச் சப்பிக்கொண்டிருந்தாள். மாலீ அம்மா பச்சை மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தார். 'ஐந்து மணிக்கே' என்ற இடத்தில் கை நின்றது. முடியும் வரை நின்றபடியே இருந்தது.

ஜெனரல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐந்து மணி. பத்தரை மணி" என்றார் மாலீ அம்மா. "ஐந்தரை மணி நேரம். குழந்தையை அறுக்கப் போறாங்கன்னு நான் அழுதுக்கிட்டிருந்தேன். நீங்க என் முதுகைத் தடவிக் கொடுத்தீங்க. அது உங்க பாக்கெட்டுல இருந்தது."

"ஆமாம்."

"எந்தக் கையால தடவினீங்க?"

அவர் தன் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

மாலீ அம்மா மிளகாய்த் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அச்சகம் செவ்வாய்க்கிழமை கேட்டிருக்கிறது. என்ன சொல்வது என்று ஜெனரலிடம் கேட்டேன். "அவ சொல்றது" என்றார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

கொசு இல்லை.

7ஆம் தேதி, பிற்பகல் மூன்று மணி. கட்டிலில் நாலு பக்கமும் தலையணை வைத்துவிட்டுத்தான் டைப் அடித்தேன். பெள்ளியிடம் தமிழ் கற்ற கதையை அடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தேன். அப்போது சத்தம் கேட்டது. எழுதிவிட்டேன். பூபதியிடமும் சொல்லிவிட்டேன், காலைத் தோசை ஊற்றும்போது, முகத்தைப் பார்க்காமல்.

திரும்பினேன். மனிதர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஜூன் மாசம் நீ குளிக்கப் போனீல்ல அம்மிணி..."

"என்னுங்க?"

"சோபாவுல இருந்து. நான் மேட்ச் பாத்துட்டிருந்தேன்."

"வேர்க்குருன்னு சொன்னீங்களே!"

"நீ கொசுன்னு சொல்லலியா?"

மதியம் வரை அவரோடு பேசவில்லை. பிறகு இரண்டு பேரும் சேர்ந்து சோபாவின் உயரத்தை அளந்தோம். நாற்பத்திரண்டு. ஆறு சென்டிமீட்டர் நல்லவராம் அவர்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

நாளை ஆபரேஷன். ஜெனரலை இன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். நான்கு நாளாக மாலீ அம்மா அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லையாம். மாத்திரையும் சோறும் நேரத்துக்கு வந்தன, பேச்சு மட்டும் வரவில்லை.

அச்சுக்கு அனுப்ப வேண்டிய கடைசிப் பிரதியோடு அறை வாசலில் நின்றேன். ஜெனரல் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டிருந்தார், ஏழாம் அத்தியாயம் உட்பட. இதற்குள் மெல்போர்னுக்கும் போன் செய்து சொல்லிவிட்டாராம். "ஐம்பத்து மூணு வயசுல எனக்கு இது தெரியணுமா அப்பா? நான் ஒரு ஆட்சியைக் காப்பாத்தியிருக்கேன்னு சொல்லு, எதாலன்னு சொல்லாதே" என்று சிரித்தாளாம் பன்றி. நாளை காலை வந்து இறங்குகிறாள்.

மாலீ அம்மா என் கையிலிருந்த கட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இது அச்சுக்குப் போகாது."

"சார் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டாரே அம்மா. இன்னைக்கு விட்டா, நாளைக்கு ஒருவேளை..."

"தெரியும். இது செத்தவங்களுக்குப் போடற புத்தகம். செத்தவங்ககூடச் சண்டை போட முடியாது." படுக்கையைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். நான்கு நாளுக்குப் பிறகு முதல் பேச்சு. "பக்கம் பக்கமா எழுதிக் கொடுத்துட்டுத் தப்பிச்சுப் போயிடலாம்னு பார்க்கிறீங்களா? அன்னைக்கும் டாங்கியை விட்டுட்டு உக்காந்தீங்க. நாளைக்கு மட்டும் கிளம்பிப் போயிடாதீங்க. திரும்பி வரணும். எனக்குக் கேள்வி இருக்கு."

"எத்தனை?" என்றார் ஜெனரல், பலவீனமாக.

"எழுதிக்கிட்டிருக்கேன்."

ஆகஸ்ட் 28, புதன்

ஆறு மணி நேரம். முடிந்தது. நினைவு வரவில்லை இன்னும்.

ஆகஸ்ட் 29, வியாழன்

வந்துவிட்டது. முதலில் சொன்ன சொல் 'போதும்' என்று பன்றி சொன்னாள். நர்ஸுக்குப் புரியவில்லையாம்.

ஆகஸ்ட் 31, சனி

வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். குழந்தைகளை உள்ளே விடுவதில்லை, பூபதி கீழே தூக்கி வைத்துக்கொண்டார். நான் போனபோது ஜெனரல் தனியாக இருந்தார். பாதி இளைத்துப்போய், கண் மட்டும் முழித்தபடி.

"தம்பி, அவ வெளியே இருக்காளா?"

"இருக்காங்க சார்."

"கோபமா?"

"நோட்டு கொண்டு வந்திருக்காங்க. வரிசை எண் போட்டு. நாற்பத்தொரு கேள்வி."

கண்ணை மூடிக்கொண்டார். "டாக்டரை ஒரு நிமிஷம் கூப்பிடு. இன்னும் இரண்டு நாள் மயக்கத்திலேயே வைக்க முடியுமான்னு கேளு."

அதற்குள் மாலீ அம்மா வந்துவிட்டார். நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, கண்ணாடியை மாட்டி, நோட்டைப் பிரித்தார். பிறகு அவருடைய போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டார்.

"கேள்வி ஒண்ணு."

அவர் என்னைப் பார்த்தார். நான் தப்பித்து வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏழு மணிக்குப் பார்வையாளர் நேரம் முடிகிறது. நர்ஸ் வந்து கதவைத் திறந்தார். தலையை உள்ளே விட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். சத்தமில்லாமல் மறுபடி மூடிவிட்டார்.

"முடிஞ்சுதா? எத்தனாவது கேள்வி?" என்று கேட்டேன்.

இல்லை என்று தலையசைத்து, மூன்று விரலைக் காட்டிவிட்டுப் போனார்.